‘வேண்டாம்’ என்று சொல்லவும் பழக வேண்டும்

இரண்டாம் வகுப்பில் ஒரு சின்னப் பயிற்சி. ஒவ்வொருவராக எழுந்து, கையை முன்னால் நீட்டி, “வேண்டாம், எனக்குப் பிடிக்கலை” என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பையன்கள் கூரை அதிரக் கத்தினார்கள். அடுத்து ஒரு சிறுமி. பாட்டு ஒப்பிக்கும்போது வகுப்பிலேயே அவள் குரல்தான் ஓங்கிக் கேட்கும். எழுந்தாள், கையை நீட்டினாள், உதடு அசைந்தது. குரல் வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சரைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா என்ற தயக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

“பிடிக்காத ஒன்றை யாராவது செய்யச் சொன்னால் என்ன சொல்வாய்?” என்று தேர்வில் கேட்டிருந்தால் அவள் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள். விடை அவளுக்குத் தெரியும். தெரிந்தது வாய்க்கு வரவில்லை. நாலாவது நாள்தான் வந்தது.

நாம் பேசும்போதே இந்த இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறோம். “அவனுக்கு அந்த ஊர் தெரியும்” என்கிறோம். “அவனுக்கு நன்றாகப் பாட வரும்” என்கிறோம். தெரிவது வேறு, வருவது வேறு. தொடக்கப்பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய உணர்வு, நட்பு, பாதுகாப்பு விஷயங்கள் எல்லாமே இந்த ‘வரும்’ பக்கத்தைச் சேர்ந்தவை. ஆனால் பெரும்பாலும் அவற்றைத் ‘தெரியும்’ பக்கத்தில் வைத்துப் பாடமாக நடத்திவிட்டு, பிள்ளை ஏன் அப்படி நடக்கவில்லை என்று கவலைப்படுகிறோம்.

இது நீதிபோதனை வகுப்பு இல்லையா?

இந்தப் பாடத்துக்குப் பல பெயர்கள் ஓடுகின்றன. ஒருவர் ஒழுக்க வகுப்பு என்பார். இன்னொருவர் தியானம் என்பார், வேறொருவர் ‘குட் டச், பேட் டச்’ என்று சுருக்கிவிடுவார். கல்வித்துறையில் இதற்குச் சமூக-உணர்வுக் கற்றல் என்று பெயர். தன் உணர்வை அறிந்து கையாளவும், பிறரோடு பழகவும், யோசித்து முடிவெடுக்கவும் வேண்டிய திறன்களைப் படிப்படியாகப் பழக்குவது என்று இதற்குப் பொருள்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1968-இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் மிகவும் பின்தங்கியிருந்த இரண்டு பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கும் இடையே நல்ல உறவு அமைந்தால் படிப்பும் சீராகும் என்பது அவருடைய நம்பிக்கை. 1994-இல் இத்துறையை ஒருங்கிணைக்க ‘கேசல்’ என்ற அமைப்பு அங்கே உருவானது. அந்த அமைப்பு இத்திறன்களை ஐந்தாகப் பிரிக்கிறது: தன் மனநிலையை அறிவது, அதை நிர்வகிப்பது, பிறர் நிலையை உணர்வது, உறவைப் பேணுவது, பொறுப்போடு முடிவெடுப்பது.

நீதிபோதனைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு பொம்மைக் காரில் தெரிந்துவிடும். “பொருள்களைப் பகிர்ந்து விளையாடணும்” என்பது நீதி. நல்ல நீதிதான். ஆனால் ஐந்து வயதுப் பையன் முன்னால் இன்னொருவன் அந்தக் காரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இவன் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் போக வேண்டும். பிடுங்காமல் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். “நீ விளையாடி முடிச்சதும் எனக்குத் தர்றியா?” என்று கேட்க வேண்டும். அவன் “முடியாது” என்றால் அழுகை முட்டிக்கொண்டு வரும். அதைத் தாங்கிக்கொண்டு வேறு விளையாட்டுக்கு நகர வேண்டும். நான்கு தனித்தனிக் காரியங்கள். ஒவ்வொன்றும் பழகினால்தான் வரும். நீதி போகவேண்டிய ஊரைச் சொல்கிறது. நடக்கக் கற்றுத்தருவது தனி வேலை.

கரையில் நின்றுகொண்டு நீச்சல் கற்க முடியாது

நீச்சலைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும் நீச்சல் வராது. ஆழமில்லாத தண்ணீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, கையைக் காலை அடித்துப் பழக வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் உணர்வு, பாதுகாப்பு என்று வந்துவிட்டால் மட்டும் ஒரு சுவரொட்டி, ஒரு உறுதிமொழி, வருடத்துக்கு ஒரு சிறப்புரை போதும் என்று எப்படியோ நம்பிவிடுகிறோம்.

இதை நேரடியாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சின்னக் குழந்தைகள் கையில் துப்பாக்கி கிடைத்து நடக்கும் விபத்துகள் பெரிய பிரச்சினை. துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல் என்று பள்ளி சேரும் முன்பே சொல்லித்தருகிறார்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பேச்சும் படமுமாகக் கற்ற குழந்தைகள் கேட்டபோது சரியாகவே ஒப்பித்தார்கள். அப்புறம், குண்டில்லாத ஒரு துப்பாக்கியை அவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, என்ன செய்கிறார்கள் என்று மறைவாகக் கவனித்தார்கள். ஒப்பித்தது செயலுக்கு வரவில்லை. செய்து பழகிய குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது.

அந்தப் பழக்கும் முறைக்கு நான்கு படிகள். சொல்லிக்கொடுப்பது, நாமே செய்துகாட்டுவது, பிள்ளையைச் செய்யச் சொல்வது, எது சரியாக வந்தது என்று உடனே சொல்வது. நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் முதல் படியோடு நின்றுவிடுகிறோம். மூன்றாவது படிதான் உயிர். உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். இதைக் குழந்தைகள் வகுப்பறைத் தரையில் ஒரு தடவையாவது உருண்டு பார்த்திருக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இவை திறன்கள். திறன் என்பது கேட்டு வருவது இல்லை, பாதுகாப்பான இடத்தில் செய்து பார்த்து வருவது.

வாசலில் நாய், உள்ளே வீட்டுக்காரர்

ஏன் தெரிந்தது சமயத்தில் வருவதில்லை? ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு காவல் நாய். ஆள் அரவம் கேட்டதும் குரைக்கும். வந்தவர் திருடனா, கடிதம் கொண்டுவந்தவரா என்று அது விசாரிப்பதில்லை. உள்ளே வீட்டுக்காரர் இருக்கிறார். அவர் எழுந்து வந்து, யார் என்று பார்த்து, “சும்மா இரு, நம்ம ஆள்தான்” என்று நாயை அடக்குவார்.

மூளையில் அந்த நாயின் வேலையைப் பெரிதும் செய்வது அமிக்டலா. ஆபத்தைச் சட்டென்று மோப்பம் பிடித்து உடலை உசுப்பிவிடும், பாதாம் பருப்பு அளவிலான பகுதி அது. வீட்டுக்காரர், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. நிதானம், திட்டமிடல், பின்விளைவை யோசித்தல் எல்லாம் அதன் பொறுப்பு. உண்மையான மூளை இவ்வளவு எளிமையானது இல்லை. தொடங்குவதற்கு இந்தப் படம் போதும்.

குழந்தையிடம் நாய் முழு பலத்தோடு இருக்கிறது. வீட்டுக்காரர்தான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார். முன்மூளைப் புறணி முதிர்ச்சி அடைய இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது. பென்சிலைப் பிடுங்கியதற்காக ஏழு வயதுப் பையன் மேசையைத் தள்ளிவிட்டு நிற்கும்போது, “உனக்கு அறிவிருக்கா?” என்று நாம் கேட்கிறோம். அந்த நிமிஷத்தில் அந்த அறிவு எட்டாத தூரத்தில் இருக்கிறது. நாமும் கத்தினால் நாய் இன்னும் பலமாகக் குரைக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்வது? மூன்று காரியங்கள் உதவுகின்றன. முதலாவது மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு மெல்லத் தணிகிறது. ஊதி ஊதி ஒரு காகிதத்தை நகர்த்தச் சொன்னால் சின்னப் பிள்ளைகளும் செய்வார்கள். இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் பெரியவரின் அமைதி. தானாக அடங்கத் தெரியாத வயதில் குழந்தை அமைதியை நம்மிடமிருந்து கடன் வாங்குகிறது. குரலைத் தாழ்த்தி, அதன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, உணர்வுக்குப் பெயர் சொல்வது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

‘வயிற்றைக் கலக்குது’

2007-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் பெரியவர்களுக்குக் கோபமும் பயமும் நிறைந்த முகங்களின் படங்களைக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த முகத்தில் தெரியும் உணர்வின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. பெயர் தேட வீட்டுக்காரர் எழுந்து வர வேண்டியிருக்கிறது; அவர் வந்ததும் நாய் அடங்குகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பெரும்பாலான குழந்தைகளிடம் கைவசம் இருப்பது இரண்டு மூன்று சொற்கள்தான்: சந்தோஷம், கோபம், போர் அடிக்குது. தோற்றுப்போன ஏமாற்றமும் கோபம். தம்பி மேல் வரும் பொறாமையும் கோபம். எல்லோரும் சிரித்ததால் வந்த அவமானமும் கோபம். ஆனால் நம் மொழியில் என்ன குறைச்சல்? கூச்சம், வெட்கம், தயக்கம், ஏக்கம், பதற்றம், தவிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. அதைவிடப் பெரிய சொத்து, உணர்வை உடம்பில் வைத்துப் பேசும் வழக்கம். நெஞ்சு படபடக்குது, தொண்டை அடைக்குது, வயிற்றைக் கலக்குது, கை கால் ஓடலை. ஆறு வயதுக் குழந்தைக்குப் ‘பதற்றம்’ என்ற சொல் பிடிபடாமல் போகலாம். வயிற்றைக் கலக்குவது பிடிபடும். “எங்கே என்ன பண்ணுது, தொட்டுக் காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். காட்டிவிடும்.

தினமும் காலையில் ஐந்து நிமிஷம் இதற்காக ஒதுக்கினால் போதும். “இன்னிக்கு எப்படி இருக்கே?” என்று கேட்டால் எல்லோரும் “நல்லா இருக்கேன்” என்று கோரஸாகச் சொல்வார்கள். “இன்னிக்கு உன் வயிறு எப்படி இருக்கு, கலங்கின தண்ணியா, தெளிஞ்ச தண்ணியா?” என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். உணர்வை நிர்வகிப்பது என்றால் அழாமல், கோபப்படாமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கோபம் வருவதில் தப்பே இல்லை. அந்தக் கோபத்தில் அடிப்பதற்குத்தான் எல்லை. “ஆம்பளைப் பிள்ளை அழலாமா?” என்று அடக்கப்பட்ட குழந்தை உணர்வைக் கையாளக் கற்கவில்லை, மறைக்கக் கற்றுக்கொள்கிறது. ஒளித்துவைக்கப் பழகிய பிள்ளை ஆபத்தையும் ஒளித்து வைக்கும். இதுதான் எனக்குப் பெரிய பயம்.

வேடிக்கை பார்ப்பவர்களின் பலம்

ஒருவனையே குறிவைத்துத் திரும்பத் திரும்பச் சீண்டுவது எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. சீண்டுபவன், சீண்டப்படுபவன் என்று இரண்டு பேரை மட்டும் நாம் விசாரிக்கிறோம். சுற்றி நிற்பவர்களை மறந்துவிடுகிறோம். கனடாவின் டொரோண்டோ பள்ளி மைதானங்களில் நடந்ததைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். சக மாணவர் யாராவது குறுக்கிட்ட சம்பவங்களில் 57 சதவீதத்தில் 10 நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. பின்லாந்தில் 2009 முதல் நாடு முழுவதும் பரவிய ‘கிவா’ என்ற சீண்டல் தடுப்புத் திட்டமும் இந்தச் சுற்றி நிற்கும் கூட்டத்தை மாற்றுவதையே அடிப்படையாகக் கொண்டது.

ஆனால் “தட்டிக்கேள்” என்று வெறுமனே சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி என்று புரியாது. சின்னச் சின்ன வழிகள் வேண்டும். சிரிக்காமல் இருப்பது ஒரு வழி. “வாடா, நாம அங்கே விளையாடலாம்” என்று சீண்டப்படுபவனைக் கூட்டிக்கொண்டு போவது இன்னொன்று. டீச்சரிடம் ஓடுவது மற்றொன்று. கோள்சொல்வதற்கும் உதவி கேட்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்: ஒருவரை மாட்டிவிடச் சொல்வது கோள், ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது உதவி. இதையும் நடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பாதுகாப்பு: முன்பின் தெரியாதவர் மட்டும் இல்லை

இங்கேதான் தவறான புரிதல்கள் அதிகம். “முன்பின் தெரியாதவங்ககூட பேசாதே” என்பதே பெரும்பாலான குழந்தைகளுக்குக் கிடைக்கும் முழுப் பாதுகாப்புப் பாடம். உண்மையில் குழந்தைகளிடம் பாலியல் ரீதியாக அத்துமீறுபவர்கள் பெரும்பாலும் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் தெரிந்தவர்கள். மெல்லப் பழகி, பரிசு தந்து, நம்பிக்கை சம்பாதித்து, “இது நமக்குள்ளே இருக்கட்டும்” என்று தொடங்குவார்கள். தொலைந்துபோன குழந்தைக்கு உதவப்போகிறவரோ முன்பின் தெரியாதவராகத்தான் இருப்பார். ஆகவே ஆளை வைத்துச் சொல்லித்தராமல், நடத்தையை வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்ற பிரிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊசி வலிக்கும், ஆனால் கெட்டது இல்லை. அத்துமீறும் தொடுதல் வலிக்காமலும் இருக்கலாம்; அப்போது குழந்தை குழம்பிப்போகும், தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளும். அதனால் இப்போது பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று சொல்வது நல்லது. ஐரோப்பிய கவுன்சில் 2010-இல் தொடங்கிய பிரசாரத்தில் மிக எளிய விதி ஒன்றைத் தந்தது: உள்ளாடை மறைக்கும் இடங்களை மற்றவர்கள் தொடக்கூடாது, குழந்தையைத் தொடச் சொல்லவும் கூடாது. உடல்நலம், சுத்தம் சார்ந்த தேவைக்கு விதிவிலக்கு உண்டு. அதிலும் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது. அந்த உறுப்புகளுக்குச் சரியான பெயர் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயரே இல்லாத இடத்தைப் பற்றி எப்படிப் புகார் சொல்ல முடியும்?

ரகசியம் பற்றிய பாடம் இன்னொன்று. பிறந்தநாள் பரிசை மறைத்து வைப்பது ஆச்சரியம். ஒருநாள் எல்லோருக்கும் தெரியப்போகிறது. யாரிடமும் எப்போதுமே மூச்சுவிடக்கூடாது என்று சொல்லப்படுவதும், நினைத்தாலே வயிற்றைக் கலக்குவதும் சுமக்கக்கூடாத ரகசியம். கவனித்தீர்களா, காலையில் ஐந்து நிமிஷம் பழகிய அந்த வயிறு இங்கே எச்சரிக்கை மணியாகிறது. உணர்வுப் பாடமும் பாதுகாப்புப் பாடமும் தனித்தனி இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், ஒரே ஒரு பெரியவரைச் சொல்லிவிட்டு நிறுத்தக்கூடாது. ஐந்து விரலுக்கு ஐந்து பேர். முதல் ஆள் கேட்கவில்லை என்றால் அடுத்த விரல். சிலர் கேட்க மாட்டார்கள் என்பதையும் குழந்தைக்குச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது, வருத்தம்தான்.

இப்படிப் பேசினால் பிள்ளைகள் பயந்துபோவார்களே என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு, பள்ளிகளில் நடக்கும் இத்தகைய பாடங்களைப் பற்றி 24 சோதனைகளையும் சுமார் 5,800 மாணவர்களையும் உள்ளடக்கிய தொகுப்பை 2015-இல் வெளியிட்டது. பள்ளியில் கற்றவர்களுக்கு அறிவும் தற்காப்பு நடத்தையும் கூடின. பயம் கூடியதற்குச் சான்று இல்லை. அத்துமீறல்களே குறைந்தன என்று மட்டும் அந்தத் தொகுப்பால் காட்ட முடியவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தன்னைக் காக்கும் பொறுப்பைக் குழந்தையின் தோளில் ஏற்றுவதற்கு இந்தப் பாடம் இல்லை. சாலை கடப்பதும் அப்படித்தான். வேகமாக வரும் வண்டி எப்போது நம்மை எட்டும் என்று கணிக்கும் திறன் தொடக்கப்பள்ளி வயதில் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. எவ்வளவு பழக்கினாலும் கையைப் பிடிக்க ஒரு பெரியவர் வேண்டும்.

சுருக்கமாக: ஆளைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கச் சொல்லுங்கள், உடல் சொல்லும் எச்சரிக்கையை மதிக்கச் சொல்லுங்கள், சொல்வதற்குப் பல பெரியவர்களைக் காட்டுங்கள். காக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது.

குழந்தை சொல்லும்போது நம் முகம்

ஒரு குழந்தை வந்து சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லாது. ஒரு துண்டைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். நாம் அலறினால் மீதி உள்ளேயே தங்கிவிடும். “நீ ஏன் அங்கே போனே?” என்றால் கதவு சாத்தப்பட்டுவிடும். “சொன்னது நல்லது. உன்மேல தப்பு இல்லை. நான் உன்னை நம்புறேன்.” இந்த மூன்று வாக்கியங்களை நாமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிவைக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நம் வாசல் நாயும் குரைக்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. துருவித் துருவி விசாரிக்கவும் கூடாது. கேட்டதை அதே சொற்களில் எழுதிவைத்து, பொறுப்பானவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

படிப்பு கெட்டுப்போகாதா?

கெடவில்லை. 2011-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 213 பள்ளித் திட்டங்களில் கலந்துகொண்ட சுமார் 2,70,000 மாணவர்களைப் பார்த்தது. இத்திறன்களைக் கற்ற மாணவர்கள் படிப்பிலும் மேலே வந்திருந்தார்கள். 100 பேர் வரிசையில் கீழிருந்து 50-ஆவதாக நிற்கும் மாணவர் 61-ஆவது இடத்துக்கு நகர்வதற்குச் சமம். மனம் கலங்கியிருக்கும் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்பாடு ஏறாது என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

ஆனால் எல்லாத் திட்டமும் பலன் தருவதில்லை. படிப்படியாக, செய்து பழகும் விதத்தில், இதற்கென்று நேரம் ஒதுக்கி, எந்தத் திறன் என்று தெளிவாக வைத்து நடத்தியவைதான் பலன் தந்தன. பெயருக்கு நடத்தினால் பெயர்தான் மிஞ்சும். இன்னொன்று: பிள்ளைகள் காட்டும் பொறுமையை அவர்களுடைய குணம் என்று முத்திரை குத்திவிடக்கூடாது. இப்போது ஒரு மிட்டாய் வேண்டுமா, காத்திருந்து இரண்டு வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்கும் புகழ்பெற்ற மார்ஷ்மெல்லோ சோதனையை 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து மறுபடி ஆராய்ந்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. காத்திருந்த குழந்தைகள் பின்னால் நன்றாகப் படிக்கிறார்கள் என்ற தொடர்பு, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது பெரிதும் சுருங்கிவிட்டது. சொன்ன சொல்லைப் பெரியவர்கள் காப்பாற்றுகிற வீட்டில் காத்திருப்பது எளிது என்றே எனக்குப் படுகிறது.

முதலில் சொன்ன அந்தச் சிறுமி ஒரு மாதம் கழித்து இடைவேளையில் என் மேசைக்கு வந்தாள். பக்கத்து வரிசைப் பையன் முடியைப் பிடித்து இழுத்தானாம். “வேண்டாம்னு சொன்னேன் டீச்சர். சத்தமாத்தான் சொன்னேன். அவன் நிறுத்தலை. தள்ளிப் போனேன். திரும்பவும் வந்தான். அதான் உங்ககிட்ட வந்தேன்.” சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேசையில் இருபது நோட்டுகள் திருத்தக் கிடந்தன. கையில் இருந்ததை மூடிவைத்துவிட்டு, அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தேன்.